செத்தவர்கள் செய்யும் வேலை

மாயாஜாலக் கதை எழுதுகிறவனுக்கு எதை வேண்டுமானாலும் சிருஷ்டிக்க உரிமை உண்டு. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்க வாசகனுக்கும் உரிமை உண்டு. மேல்நாட்டு மாயக் கதைகளை விரும்புகிறவர்களிடையே ஒரு கற்பனை உலவுகிறது. செத்தவர்களை மந்திரத்தால் எழுப்பி, அவர்களைக் கொண்டே கம்ப்யூட்டரும் தபால் தந்தியும் அமைத்துவிடுகிற கற்பனை அது.

யுக்தி சாமர்த்தியமானதுதான். மூன்று எலும்புக்கூடுகளை நிறுத்துங்கள். முதல் இரண்டும் கை தூக்கினால்தான் மூன்றாவது கை தூக்கலாம் என்று கட்டளையிடுங்கள். கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரமே இத்தகைய சின்னஞ்சிறு விதிகள்தாம். ஆயிரக்கணக்கில் நிறுத்தினால் கூட்டலும் பெருக்கலும் தாமே நடக்கும். சீன நாவலாசிரியர் லியூ ஸிஷின், 2008-ல் புத்தகமாக வெளிவந்த 'மூன்று உடல் பிரச்னை'யில் மூன்று கோடிப் போர்வீரர்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். செத்தவர்களானால் இன்னும் சௌகரியம். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். குன்றுக்குக் குன்று ஒருவரை நிறுத்தினால் செய்தியும் பறக்கும். 1794-ல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே கிளோட் ஷாப் என்பவர் கோபுரங்களின் மேல் மரக் கைகளை அசைத்துச் செய்தி அனுப்பியதும் இம்முறையில்தான்.

இந்தச் சௌகரியம்தான் எனக்கு உறுத்துகிறது. 'ஸோம்பி' என்ற நடைப்பிணம் உருப்பெற்ற இடம் ஹெய்ட்டியின் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைக்கு மரணம் ஒன்றுதான் விடுதலை. அதற்குப் பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்பதே அவனுடைய பயம். 1929-ல் வில்லியம் ஸீப்ரூக் தமது 'மாயத் தீவு' நூலில் அமெரிக்க வாசகருக்குக் காட்டிய ஸோம்பிகளும் கரும்புக் கொல்லையில்தான் உழைத்தன. நமது வேதாளமோ விக்கிரமாதித்தனையே கேள்வி கேட்டுவிட்டு முருங்கை மரம் ஏறிவிடும்! கூலியும் கேள்வியும் இல்லாத உழைப்பாளியைக் கனவு காண்பது முதலாளியின் கனவு. கதாசிரியன் அதை அறியாமல் காணக்கூடாது.

ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டின் மாய உலகிலும் எறும்புகள் ஓடிக் கணக்குப் போடுகிற 'ஹெக்ஸ்' என்ற யந்திரம் உண்டு. 'க்ளாக்ஸ்' என்ற கோபுரத் தந்தியும் உண்டு. 2004-ல் வந்த 'கோயிங் போஸ்ட'லில், அந்தக் கோபுரங்களில் வேலை பார்த்து இறந்தவர்களின் பெயர்களை மற்றத் தொழிலாளர்கள் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பேரேட்டில் பதியாதே, கடைசிக் கோபுரத்திலிருந்து திருப்பி அனுப்பு என்பது அதற்குச் சங்கேதம். அங்கே செத்தவன் உழைப்பதில்லை. உயிரோடிருப்பவன் அவனுக்காகச் சிறிது உழைக்கிறான். 2015-ல் பிராட்செட் காலமானபோது, வாசகர்கள் இணையப் பக்கங்களில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதே சங்கேதத்தோடு அவர் பெயரை ஓடவிட்டார்கள். ஒரு கற்பனை உயிருள்ளது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த யுக்தியைக் கையாள விரும்பும் எழுத்தாளர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். கணக்கு சரியாகவே வரட்டும். ஆனால் கை தூக்கி நிற்கிற அந்த எலும்புக்கூடு, உயிரோடிருந்தபோது யாராக இருந்தது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.