டஸ்டி: விடும் இடமும் பிடிக்கும் இடமும்

டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பெரிய குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய குரல் பலருக்கு உண்டு. அதை எங்கே அவிழ்த்துவிடுவது, எங்கே இழுத்துப் பிடிப்பது என்று அவரைப் போலக் கணக்கு வைத்திருந்த பிரிட்டிஷ் பாடகியை நான் கேட்டதில்லை.

லண்டனில் 1939-இல் ஐரிஷ் வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அண்ணனோடு ஒரு குழுவில் பாடிவிட்டு 1963-இல் தனியாக வந்தார். முதல் பாட்டு ‘ஐ ஒன்லி வாண்ட் டு பி வித் யூ’ பிரிட்டனில் 4-ஆம் இடம் பிடித்தது. துள்ளலான பாட்டு, ஆனால் அதில் வாத்தியங்களின் வேகம்தான் அவரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

நிதானம் வந்த பாட்டு 1966-இன் ‘யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ’. முந்தைய ஆண்டு இத்தாலியின் சான்ரெமோ விழாவில் கேட்ட மெட்டு அது. ஒலிப்பதிவுக் கூடத்தின் எதிரொலி பிடிக்காமல் போகவே, மைக்கை மாடிப்படிக்குக் கொண்டுபோனார்கள். படியில் நின்றபடி திரும்பத் திரும்பப் பாடினார். ஆரம்பத்தில் பித்தளை வாத்தியங்கள் முழங்கி ஓய்ந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் எடுக்கிறார். பல்லவியில் குரல் விரிந்தாலும் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்கிறார். கடைசியில் சுருதி ஒரு படி ஏறும்போதுதான் அதையும் கொட்டுகிறார். பிரிட்டனில் அவருக்குக் கிடைத்த ஒரே முதலிடம் இதுதான்.

‘ஒத்துப்போகாதவர்’ என்று அவருக்குப் பெயர். எனக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல் மரியாதைதான். 1964-இல் தென்னாப்பிரிக்காவில் நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்குப் பாட மாட்டேன் என்று நின்று, அந்த நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர் அவர்.

1968-இல் ஒரு பாட்டுத் தொகுப்பைப் பதிவு செய்ய அமெரிக்காவின் மெம்ஃபிஸ் போனார். அமெரிக்க சோல் இசையின் பெரிய கைகள் ஜெர்ரி வெக்ஸ்லர், டாம் டவுட், ஆரிஃப் மார்டின் மூவரும் தயாரிப்பாளர்கள். தான் கொண்டாடிய கறுப்பினப் பாடகர்கள் நின்று பாடிய இடம் என்றதும் டஸ்டிக்கு வாய் எழவில்லை. கடைசியில் குரலை நியூயார்க்கில்தான் பதிவு செய்தார்கள்.

அந்த நடுக்கத்தின் சுவடே இல்லாமல் வந்தது ‘சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்’. கிட்டார் சின்னதாக ஒரு சுழி போடுகிறது. டஸ்டி அவசரப்படவில்லை, தாளம் விழட்டும் என்று விட்டு, ஒரு இழை தள்ளி வந்து உட்காருகிறார். மூச்சுக் காற்று சொல்லோடு சேர்ந்தே வெளிவருகிறது. பின்பாட்டுக்காரர்கள் உச்சத்துக்குப் போகும்போது போட்டிக்குப் போகாமல் கீழேயே நிற்கிறார். அமெரிக்காவில் 10-ஆம் இடம், பிரிட்டனில் 9-ஆம் இடம். முதலில் சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினுக்காக வைத்திருந்த பாட்டு. அரீதாவும் பிறகு பாடினார். நான் டஸ்டி பக்கம்.

‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் 99-ஐத் தாண்டவில்லை. இன்றைக்கு அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அன்று வாங்க ஆளில்லை. எழுபதுகள் அவருக்கு வறண்டே போயின.

பிறகு பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் இணை சேர்ந்து பாடக் கூப்பிட்டது. 1987-இல் வெளியான ‘வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்?’ பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் 2-ஆம் இடம். அந்த இணையின் பாடகர் நீல் டெனண்ட் பாதிப் பேச்சாக ஒப்பித்துக்கொண்டு போக, இயந்திரத் தாளத்துக்கு நடுவே கரகரப்பு கூடிய டஸ்டியின் குரல் நுழைகிறது. பாட்டு வெளியானபோது அவருக்கு வயது 48. அந்த இயந்திரத் தாளத்திலும் அவர் அதே ஒரு இழை தள்ளித்தான் வருகிறார்.