பிள்ளைகள் தூங்கும் வீட்டில் பாடியது

'அயர்ன் அண்ட் வைன்' என்ற பெயரைப் பார்த்து ஏதோ இசைக்குழு என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஆல்பத்தில் ஒரே ஆள்தான்: சாம் பீம். அமெரிக்காவின் தெற்கே, சவுத் கரோலைனாவில் வளர்ந்தவர். சினிமா படித்துவிட்டு மியாமியில் மாணவர்களுக்கு ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எப்போதோ ஒரு கடையில் 'பீஃப், அயர்ன் அண்ட் வைன்' என்ற சத்து மருந்து கண்ணில் பட்டிருக்கிறது. மாட்டிறைச்சியைக் கழித்துவிட்டு மீதியைத் தன் பாட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார். வாத்தியார் வேலை போக மிச்ச நேரத்தில் வீட்டிலேயே பதிந்துவைத்த பாட்டுகள்தான் 2002 செப்டம்பரில் 'தி கிரீக் டிராங்க் தி கிரேடில்' என்று வெளிவந்தன. 11 பாட்டு, சுமார் 40 நிமிடம். எழுதியது, பாடியது, கிட்டாரும் பேஞ்சோவும் வாசித்தது, ஒலிப்பதிவு செய்தது எல்லாமே அவர்தான்.

முதல் தடவை கேட்பவர்கள் "இதில் ஒன்றுமே நடக்கலையே" என்பார்கள். நியாயமான புகார். நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்தது. முன்னிசை முடியும்போதே பாட்டு எங்கே போகப்போகிறது என்று தெரிந்துவிட வேண்டும், இடையிசையில் வயலின் கூட்டம் எழும்ப வேண்டும். இங்கே டிரம்ஸ் கிடையாது. குரல் ஓரிடத்திலும் உச்சத்துக்குப் போகாது. இதற்குக் காரணம் பீம் தன் பேட்டிகளில் சொன்னதுதான்: வீட்டில் சின்னப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சத்தமாகப் பாட முடியாது. கட்டாயத்தில் தாழ்த்திய குரல் அப்படியே பாணியாகிவிட்டது. அதனால் போன் ஸ்பீக்கரில் அலறவிட்டுக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசும் அளவுக்கு ஒலியை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் காதில் விழுவது பாட்டு அல்ல, அதற்கு அடியில் மின்விசிறி ஓடுகிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்' இரைச்சல். இது நான்கு தடப் பதிவுக் கருவியின் வேலை. இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை கேசட்டில் ஓடுபவை. சாதாரண கேசட்டில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருக்கும் நான்கு மெல்லிய தடங்களையும் ஒரே திசையில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பதியலாம். ஒன்றில் கிட்டார், அதைக் கேட்டபடியே இன்னொன்றில் குரல், இன்னொன்றில் பேஞ்சோ. தடம் இவ்வளவு ஒடுங்கிப்போனால் இரைச்சல் கூடத்தான் செய்யும். 1982-ல் வெளிவந்த தன் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தைப் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் பதிந்ததும் இப்படி ஒரு கருவியில்தான். அவர் ஏற்கெனவே நட்சத்திரம், விரும்பினால் எந்த ஸ்டூடியோவும் திறந்திருக்கும். பீமிடம் இருந்ததே இதுதான்.

அடுத்து குரல். கூர்ந்து கேட்டால் அது ஒரு குரல் இல்லை, ஒரே ஆள் இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. சொல் முடிகிற இடங்களில் காதை வையுங்கள். 'ட்', 'ஸ்' போன்ற ஒலிகள் இரண்டு பதிவிலும் மயிரிழை முன்பின்னாக விழும். ஸ்டூடியோவில் இதைக் கணினியில் சீவிச் சரிசெய்துவிடுவார்கள். இங்கே அப்படியே கிடக்கிறது. அந்தச் சின்னப் பிசகுதான் குரலுக்கு ஒரு அகலத்தைத் தருகிறது. முணுமுணுப்பு இவ்வளவு நிறைவாகக் கேட்பதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது.

ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள் என்பது என் யோசனை. 'அப்வர்ட் ஓவர் தி மவுண்டன்' பாட்டில் தொடங்குங்கள். வீட்டைவிட்டுப் போன மகன் அம்மாவிடம் பேசுகிறான். கவலைப்படாதே என்கிறான், ஆனால் ஆறுதலாக அவன் எடுத்துச் சொல்கிற நினைவுகளைப் பாருங்கள்: சரக்கறையில் நாய் குட்டிபோட்ட ராத்திரி, தரையெல்லாம் ரத்தம், விடியும்வரை அம்மாவின் அழுகை. பாசத்தைப் பாசம் என்று எங்கேயும் சொல்லாமல் ஒரு வீட்டின் அசுத்தமான ராத்திரியைச் சொல்லி முடிக்கிறான். சினிமா படித்தவரின் எழுத்து இது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல் கேமராவை எங்கே வைப்பது என்று யோசிக்கிறது. கடைசிப் பாட்டான 'மடி ஹிம்னல்' இன்னும் கறார். தேவாலயக் கதவில் முள்கரண்டியால் கீறிய ஒரு பெயர் வருகிறது. யார், என்ன ஆனார் என்று முழுக்கதை கிடைக்காது. தடயங்கள் மட்டும். பைபிள் வாடை பல பாட்டுகளில் வீசும், ஆனால் பீம் தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொள்பவர் அல்ல. அமெரிக்காவின் அந்தத் தெற்குப் பகுதியில் வளர்ந்தவர் வாயில் அந்தப் பேச்சு தானாக வருகிறது, அவ்வளவுதான். வரிகளைப் படித்துக்கொண்டே கேட்பதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. ஒரே வேகம், ஒரே தணிந்த குரல். பேஞ்சோ முன்னுக்கு வரும் 'தி ரூஸ்டர் மோன்ஸ்' வந்துதான் கொஞ்சம் உலுக்குகிறது. 11 பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டு அசந்துபோவதைவிட நான்கு நான்காகக் கேட்கலாம்.

இதை வெளியிட்டது சியாட்டிலின் சப் பாப். 1989-ல் ராக் இசைக்குழு நிர்வாணாவின் 'பிளீச்' ஆல்பத்தை வெளியிட்ட அதே நிறுவனம். கிட்டாரைக் கதறவைத்துப் பேர் வாங்கியவர்கள் இந்த முணுமுணுப்பைக் கையோடு எடுத்துக்கொண்டார்கள், அதுவும் வீட்டுப் பதிவை மறுபடி ஸ்டூடியோவில் எடுக்கச் சொல்லாமல். எனக்கு அது பெரிய தைரியமாகப் படுகிறது.

வீடு இந்தப் பாட்டுக்கு என்ன கொடுத்தது என்று தெரிய வேண்டுமானால், 2004-ல் பிரையன் டெக் தயாரிப்பில் ஸ்டூடியோவில் பதிவான 'அவர் எண்ட்லெஸ் நம்பர்ட் டேஸ்' ஆல்பத்தை அடுத்துப் போட்டுப் பாருங்கள். அதே ஆள், அதே தணிந்த குரல். இரைச்சல் போய்விட்டது, தாளக்கருவிகள் வந்துவிட்டன, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. நல்ல ஆல்பம்தான், சிலருக்கு அதுவே அதிகம் பிடிக்கும். ஆனால் பாடுகிறவர் இருந்த அறை அதில் இல்லை.

வீட்டுப் பதிவு பிடித்துப்போனவர்களுக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. அதே காலத்துப் பதிவுகளிலிருந்து 2003-ல் 'தி சீ அண்ட் தி ரிதம்' என்று ஐந்து பாட்டுகள் வந்தன. அப்போது வெளிவராமல் தங்கிப்போனவை 2015-ல் 'ஆர்க்கைவ் சீரிஸ் வால்யூம் நம்பர் 1' என்ற பெயரில் வெளிவந்தன. முதல் ஆல்பம் பிடிக்காதவர்கள் 2004 ஆல்பத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரலாம். அந்த வழியும் தப்பில்லை.