திறப்பு விழாவோடு முடியும் பொறுப்பு

2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் அரசுத் தலைமை மருத்துவமனை திருநெல்வேலியில் இல்லை. அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் இருந்தது. வெளியூர்க்காரருக்கு இது விநோதமாகப் படும். சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது; மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருவது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்பது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்துக்கு உரியது. ஓர் ஊரில் கல்லூரி வந்துவிட்டால் தலைமை மருத்துவமனை என்ற தகுதி இன்னோர் ஊருக்கு நகர்ந்துவிடும். மதுரைக்கு உசிலம்பட்டி, கோவைக்குப் பொள்ளாச்சி, தூத்துக்குடிக்குக் கோவில்பட்டி என்று அமைந்தது இப்படித்தான்.

இந்த ஏற்பாட்டை எந்தத் தேர்தல் மேடையிலும் யாரும் விவாதித்ததில்லை. கோப்பில் எழுதப்பட்டு, அரசாணையாகி, நோயாளியின் பஸ் பயணமாக மாறிய முடிவு அது. அரசு மருத்துவமனைக் கட்டுமானத்தில் கொள்கை ஆலோசகரின் வேலை இந்த இடத்தில்தான் நடக்கிறது. எந்த ஊரில், எத்தனை படுக்கையோடு, யாருடைய பணத்தில், எந்த இயக்ககத்தின் கீழ் என்பது, பொதுப்பணித் துறை எஸ்டிமேட் போடுவதற்கு வெகு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

ஆலோசகர் என்று ஒரே நாற்காலி எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. 1971இல் தொடங்கிய மாநிலத் திட்டக் குழு ஒரு பக்கம். 2021இல் அது மாற்றி அமைக்கப்பட்டபோது ரத்தநாள அறுவை மருத்துவர் அமலோற்பவநாதன், சித்த மருத்துவர் கு. சிவராமன் போன்றோர் அதில் இடம்பெற்றனர். உலக வங்கியும் ஜப்பானின் ஜைக்காவும் கடனோடு அனுப்பும் வல்லுநர்கள் இன்னொரு பக்கம். டெல்லியில் நிதி ஆயோக். இவர்களோடு, ஓய்வுபெற்ற பிறகும் கோட்டைக்கு அழைக்கப்படும் பழைய இயக்குநர்கள். இந்த ஆலோசனை முறை எதைச் சாதித்தது, எங்கே சறுக்குகிறது என்று பார்க்கத் தென்காசியை விடப் பொருத்தமான மாவட்டம் கிடைப்பது அரிது. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான அது, தன் ஆஸ்பத்திரி எப்படி வளர வேண்டும் என்ற கேள்வியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

ஆலோசனை வென்ற இடம்

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். செங்கல்லுக்கு முன்னால் சேவையை யோசிக்க வைப்பதுதான் நல்ல ஆலோசகரின் பயன். அதற்குத் தமிழ்நாட்டிலேயே தரமான சான்று உண்டு.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டபோது நடந்தது கட்டடம் கட்டும் வேலை அல்ல. மருந்தை ஒரே இடத்தில் கொள்முதல் செய்வது, மாவட்டக் கிடங்கில் வைப்பது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து அதன் கணக்கில் மருந்து எடுக்க விடுவது என்ற முறை வந்தது. பின்னாளில் வேறு மாநிலங்களும் அதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. பூட்டிக் கிடக்கும் மருந்தகத்தோடு புது வார்டு கட்டிப் பயனில்லை என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த திட்டம் அது.

இரண்டாவது சான்று, ஊழியர்கள் ‘சீமாங்க்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அவசரகால மகப்பேறு மையங்கள். 2005இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சுகாதாரத் திட்டம் இவற்றைப் பலப்படுத்தியது. எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கு பிரிக்காமல், தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர், ரத்தம் நான்கும் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். உள்ளூர் எம்.எல்.ஏ. ஒவ்வொருவரும் தம் தொகுதிக்குக் கேட்கும்போது ‘எல்லா ஊருக்கும் கிடையாது’ என்று சொல்ல அரசியல்வாதியால் முடியாது. கையில் வரைபடமும் பயண நேரமும் வைத்திருக்கும் ஆலோசகரால் முடியும். 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் மரணம் 2018–20இல் 54 ஆகக் குறைந்ததற்குக் காரணம் பல. இந்தத் தேர்வும் அவற்றில் ஒன்று.

மக்கள்தொகை என்னும் கணக்கு

ஆனால் அதே ஆலோசகர் கட்டடத்துக்கு வரும்போது எண்ணத் தெரிந்ததை மட்டும் எண்ணுகிறார். படுக்கை, சதுர அடி, மருத்துவக் கல்லூரி இடம். இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகளின் 2012 பதிப்புப்படி மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு லட்சம் மக்களுக்கு 22 படுக்கை. 2011 கணக்கெடுப்பில் இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியில் சுமார் 14 லட்சம் பேர். பெருக்கினால் 308. கணக்கு முடிந்தது.

முடிந்ததா? முதலாவது, அந்த மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது மாவட்டம் பிறப்பதற்கு எட்டு ஆண்டு முன்னால். இரண்டாவது, குற்றாலத்தை அது அறியாது. ஜூன் பிறந்து சாரல் விழுந்தால், பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் புலியருவியிலும் குளிக்க வருகிற கூட்டம் எந்த வீட்டு எண்ணிலும் பதிவாவதில்லை. வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர், அருவித் தண்ணீர் தலையில் அறைந்து மயங்கியவர், மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தவர், குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியவர் எல்லோரும் முதலில் வந்து சேருவது தென்காசி ஆஸ்பத்திரிக்குத்தான். 2024 மே 17 அன்று சீசனே தொடங்காத நேரத்தில் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அன்றைக்கு எத்தனை பேர் அருவிக்கரையில் நிற்பார்கள் என்று எந்தத் தரநிலையும் சொல்லாது. ஆண்டு சராசரிப்படி அமைத்த அவசரப் பிரிவு ஒன்பது மாதம் போதுமானதாக இருந்து, கூட்டம் வரும் மூன்று மாதம் திணறும்.

மூன்றாவது பிழை இன்னும் ஆழமானது. ஆலோசகரின் வரைபடத்தில் மாவட்ட எல்லை தடித்த கோடாக இருக்கிறது. நோயாளிக்கு அந்தக் கோடு கண்ணில் படுவதில்லை. சிவகிரிக்காரருக்கு ராஜபாளையம் பக்கம். திருவேங்கடத்துக்காரர் கோவில்பட்டிக்குப் போய்விடுவார். ஆலங்குளத்தில் பஸ் ஏறினால் தென்காசிக்கும் போகலாம், அதே சாலையில் எதிர்த்திசையில் ஐகிரவுண்டுக்கும் போகலாம். புளியரை தாண்டினால் கேரளம். செங்கோட்டைப் பக்கத்தில் புனலூரும் திருவனந்தபுரமும் வைத்தியத்துக்கு நெடுங்காலமாகப் பழகிய ஊர்கள். எட்டு தாலுகாவையும் ஒரே குடையின் கீழ் வைத்துப் படுக்கை எண்ணுவது நிர்வாகத்துக்கு வசதி. யார் எங்கிருந்து வருகிறார், எந்த நோய்க்கு எங்கே ‘ரெஃபர்’ ஆகிறார் என்ற பதிவேடு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. பெருக்கல் வாய்பாட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் தென்காசிக்குத் தேவை இன்னும் சில நூறு கட்டில்களா, அல்லது இரவு இரண்டு மணிக்குத் தலைக்காயத்தைப் பார்க்க ஒரு நரம்பியல் அறுவைக் குழுவா என்பது தெரிந்துவிடும்.

காற்றும் மழையும்கூட ஆலோசனைக்குள் வருவதில்லை. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் காற்று சுரண்டை வரை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றை வார்டுக்குள் விட்டால் காசநோய்ப் பிரிவுக்குச் செலவில்லாத மருந்து. மாநிலம் முழுதுக்கும் ஒரே மாதிரி வரைபடத்தை அனுப்பினால் ராமநாதபுரத்து வெயிலுக்கும் தென்காசிச் சாரலுக்கும் ஒரே ஜன்னல்தான் வாய்க்கும்.

கல்லூரி என்ற ஆசை

தென்காசியின் நீண்டநாள் கோரிக்கை அரசு மருத்துவக் கல்லூரி. 2019 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை நாடு முழுவதும் 75 புதிய கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு அவற்றில் 11ஐப் பெற்றது. 2022 ஜனவரி 12 அன்று அவை திறக்கப்பட்டன. ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய், அதில் 60 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு. தென்காசிக்கு ஒன்றும் இல்லை.

தாய் மாவட்டத்தில் ஏற்கெனவே கல்லூரி இருந்ததால் என்று காரணம் சொல்லலாம். ஆனால் தென்காசி பிறந்த நான்கே நாளில், நவம்பர் 26 அன்று பிறந்த கள்ளக்குறிச்சிக்குக் கல்லூரி கிடைத்தது. அதன் தாய் மாவட்டமான விழுப்புரத்திலும் 2010 முதல் அரசுக் கல்லூரி இருக்கிறது. நெல்லையிலிருந்து தென்காசி இருக்கும் தொலைவைவிட விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தொலைவு அதிகம். அதுவே காரணமாக இருந்தால் நியாயமான காரணம்தான். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டு இதற்கு ஏன், அதற்கு ஏன் இல்லை என்று எழுதிய குறிப்பை, மக்கள் எடுத்துப் படிக்கும்படி முடிவோடு சேர்த்து வெளியிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. காரணம் சொல்லாத முடிவை மக்கள் ஓரவஞ்சனையாகத்தான் படிப்பார்கள்.

கல்லூரி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதையும் கேட்க வேண்டும். 2023 விதிப்படி 50 இடம் கொண்ட கல்லூரிக்கு 220 படுக்கை, 100 இடத்துக்கு 420. கட்டடத்தை எழுப்பிவிடலாம், பேராசிரியரை எங்கிருந்து கொண்டுவருவது? 2025இல் தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34க்கு, ஆசிரியர் பற்றாக்குறை உள்ளிட்ட குறைகளுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதோடு முன்பு சொன்ன இயக்ககச் சிக்கலும் உண்டு. தென்காசி ஆஸ்பத்திரி கல்லூரிக்குப் போனால் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி மறுபடி எங்கேயாவது நகர வேண்டும். சங்கரன்கோவிலோ கடையநல்லூரோ அதை ஏற்கத் தயாரா என்று முதலில் பார்ப்பவர்தான் ஆலோசகர் என்ற பெயருக்குப் பொருந்துவார்.

இதற்கு நேர் எதிரான குறுக்குவழியும் ஆலோசனையாக வந்ததுண்டு. 2020 தொடக்கத்தில் நிதி ஆயோக், மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் ஒப்பந்த மாதிரியைச் சுற்றுக்கு விட்டது. கல்லூரி இல்லாத தென்காசி போன்ற மாவட்டங்கள்தான் அந்த வலையில் முதலில் விழக்கூடியவை. தமிழ்நாட்டில் கிளம்பிய எதிர்ப்பு சரியானதே. இலவச மருத்துவத்தை மட்டுமே நம்பி வருகிறவரின் ஆஸ்பத்திரியில், கட்டணப் படுக்கை எத்தனை என்று பேரம் பேசும் நிலை வரக்கூடாது.

யார் பதில் சொல்வது?

ஆலோசகரின் ஆகப் பெரிய குறை அவருடைய அறிவில் இல்லை. அவருடைய பொறுப்பு முடியும் நாளில் இருக்கிறது. ரிப்பன் வெட்டியதும் அவருடைய பெயர் கோப்பிலிருந்து மறைகிறது. லிஃப்ட் நின்றால், கூரை ஒழுகினால், வாங்கிய ஸ்கேன் கருவிக்கு ஆள் இல்லாமல் போனால், அதற்குப் பதில் சொல்பவர் கண்காணிப்பாளர். அவரை அந்தத் திட்டத்தின்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தென்காசியிலேயே இதற்கு மாற்றான சிந்தனை கல்லில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோவிலுக்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்வோரின் பாதங்களைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். கட்டியவனைவிடப் பேணுகிறவன் பெரியவன் என்று ஓர் அரசன் அறிந்திருந்தான். நம் திட்ட அறிக்கைகளில் பராமரிப்பு கடைசிப் பக்கத்து ஒற்றை வரி.

பணம் வரும் இடம் ஆலோசனையை எப்படி வளைக்கும் என்பதற்குச் சான்றாக மதுரை எய்ம்ஸ் அருகிலேயே இருக்கிறது. 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் கடனுக்கான ஒப்பந்தம் 2021 மார்ச்சில் வந்தது. 1,264 கோடியாகச் சொன்ன மதிப்பீடு 1,977.8 கோடியானது. 2022இல் சேர்ந்த முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் படித்தார்கள். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ இதைவிடக் கசப்பான பாடம். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. ஆலோசனையில் தனியார் கூட்டாக மசேரு நகரில் 2011இல் திறந்த மருத்துவமனை, அந்நாட்டுச் சுகாதார பட்ஜெட்டில் பாதிக்கு மேல் விழுங்குவதாக ஆக்ஸ்ஃபாம் 2014இல் எழுதியது. உலக வங்கி அந்தக் கணக்கை மறுத்தது. 2021இல் ஒப்பந்தமே முறிந்தது. மிச்சச் சுமை ஆலோசனை சொன்னவர்கள் தலையில் விழவில்லை.

முடிவெடுப்பது அமைச்சரவை, ஆலோசகர் சொல்லத்தானே செய்கிறார் என்று வாதிடலாம். அது பாதி உண்மை. அமைச்சரின் மேஜைக்கு மூன்று வழிகள் போகின்றன என்றால், அந்த மூன்றைத் தேர்ந்தவர் ஆலோசகர். நான்காவது வழி ஒன்று இருந்தது என்பதே அமைச்சருக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டதற்கும் பொறுப்பு உண்டு.

ஆகவே ஆலோசகரே வேண்டாம் என்பது என் முடிவல்ல. அவர் இல்லாவிட்டால் எம்.எல்.ஏ.வின் குரல் உரத்த ஊருக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரும். சீமாங்க் மையங்களைத் தேர்ந்தெடுத்த நிதானம் கட்டடத் திட்டங்களுக்கும் வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். ஆலோசனைக் குறிப்பு, மாற்றுக் கருத்தோடு சேர்த்து அரசாணையுடன் வெளியாக வேண்டும். ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளரும் தலைமைச் செவிலியரும் வரைபடம் இறுதியாகும் முன் கையெழுத்திட வேண்டும். திறந்து மூன்றாம் ஆண்டில் அதே ஆலோசகர் அதே ஊருக்கு வந்து, தாம் எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மாவட்ட மக்கள் முன் சொல்ல வேண்டும்.

தென்காசிக்கு என்றால் முதல் வேலை கல்லூரிப் பலகை அல்ல. நெல்லைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரெஃபர் ஆகிறவர்களை ஓராண்டு கணக்கெடுத்து, அதில் முதல் இரண்டு காரணங்களுக்கான சிகிச்சையை இங்கேயே இருபத்துநான்கு மணி நேரமும் தருவது. சீசன் மாதங்களுக்கு என்று கூடுதல் அவசரப் பணியாளரை ஒதுக்குவது. சங்கரன்கோவில் மருத்துவமனையை மாவட்டத்தின் இரண்டாவது பெரிய மருத்துவமனையாக வளர்ப்பது. இவ்வளவும் நடந்த பிறகு கல்லூரி வந்தால், அது ஏற்கெனவே வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் மேல் வரும். அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிற ஆலோசனை எந்தக் கோட்டையிலிருந்து வந்தாலும் தென்காசிக்காரர் அதன் கீழே கையெழுத்து யாருடையது என்று கேட்க வேண்டும்.