குமிழ் வைத்த வால்வு

பழைய வால்வு ரேடியோவைப் பழுது பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வால்வைப் பிடுங்குவது ஒரு கண்டம். கண்ணாடி வழுக்கும், சுடும். சோவியத் ஜி.யு.-50 வால்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. தலையில் உலோகத் தொப்பி, அதன் மேல் ஒரு குமிழ். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்குவதுபோலத் தூக்கிவிடலாம். திரும்பப் போடும்போது பக்கத்து முனைப்பு தன் பள்ளத்தைக் கண்டால்தான் கூண்டுக்குள் இறங்கும். இருட்டிலும் கை தவறாது.

யோசனை ரஷ்யர்களுடையதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் வைத்திருந்த டெலிஃபங்கன் எல்.எஸ்.50-ஐப் பார்த்துச் செய்தது. ஆனாலும் அசலைவிட நகலுக்குத்தான் ஆயுசு கெட்டி.

டி-72 டாங்கியிலும் பி.எம்.பி.-1 கவச வண்டியிலும் இருந்த ஆர்-123எம் வானொலித் தொடர்புக் கருவியில் அலையை வெளியே தள்ளியது இந்த வால்வுதான். கருவிக்கு 20 வாட் சக்தி. 20 முதல் 51.5 மெகாஹெர்ட்ஸ் வரை. 4 மீட்டர் கம்பி ஆன்டெனாவோடு ஓடும் வண்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. எட்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கருவியின் நினைவாற்றல். நான்கு அலைவரிசைகளை முன்கூட்டியே பூட்டி வைக்கலாம். பூட்டைத் தளர்த்தி, லென்ஸ் வழியே ஒளிரும் அளவுகோலைப் பார்த்துத் திருகி, மறுபடி இறுக்க வேண்டும். அப்புறம் சுவிட்சைத் திருப்பினால் உள்ளே ஒரு மோட்டார் உறுமிக்கொண்டு சுழன்று, சொன்ன இடத்தில் நிற்கும். சிப் கிடையாது, மென்பொருள் கிடையாது. எல்லாம் பல்சக்கரமும் பிடிப்பும். முகப்பு அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடித்த கையுறையோடு திருகுபவனுக்கு அழகு எதற்கு?

இதை இயக்கியவன் பொறியாளன் அல்ல, கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த இளைஞன். 1967-க்குப் பிறகு தரைப்படையில் அவனுக்கு இரண்டே ஆண்டுதான். அதனால் பராமரிப்பையும் கருவியோடு சேர்த்தே கொடுத்தார்கள்: மாற்று வால்வு, ஃபியூஸ், கருவிகள் அடங்கிய 'ஸிப்' பெட்டி, முழு மின்சுற்று வரைபடத்தோடு விளக்க நூல், ஓடிய மணிகளையும் பார்த்த பழுதுகளையும் எழுதும் 'ஃபார்முல்யார்' பதிவேடு. தொடுமுனைகளைத் துடைக்க ஆல்கஹாலும் உண்டு. அது முழுவதும் தொடுமுனைக்கே போய்ச் சேர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

இன்று இந்த வால்வை வைத்துப் பாட்டு கேட்க ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறார்கள். கையில் ஒன்று கிடைத்தால் குமிழைப் பிடித்து உருவிப் பாருங்கள். அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்திச் சற்று ஆறவிடுங்கள். 1000 வோல்ட் வரை தாங்கும் வால்வு அது, நாம் தாங்கமாட்டோம்.