பத்துக்கு எத்தனை?

ஒரு புதுப்படம் வெளியான மறுநாள் நம்மவர் இருவர் எதிர்ப்பட்டால், நலம் விசாரிக்கு முன்னரே "படம் எப்படி?" என்ற கேள்வி எழுந்துவிடுகின்றது. முன்னாளில் இதற்குப் "பார்க்கலாம்" என்றும், "பரவாயில்லை" என்றும், "காசுக்குக் கேடு" என்றும் விடை வந்தது. இந்நாளிலோ "பத்துக்கு ஏழு" என்றும், "மூன்று கூடத் தேறாது" என்றும் மார்க்காகவே வருகின்றது. தோட்டத்துக் கோயில் திண்ணையிலும், பட்டணத்துத் தேநீர்க் கடையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் மார்க்குப் போடாதார் இல்லை. ஏழென்றவரும் மூன்றென்றவரும் ஒரே மேசையில் அமர்ந்துவிட்டால் தேநீர் ஆறிப்போகும்; வாதம் ஆறுவதில்லை.

இதனைப் பார்த்துச் சிரிப்பவரும் உளர். "நடிப்பைப் பற்றியும் கதையைப் பற்றியும் இவர்களுக்கு என்ன தெரியும்?" என்பது அவர்தம் எண்ணம். நாம் அதனை ஒப்பவில்லை. வியர்வை சிந்தி ஈட்டிய காசைக் கொடுத்துப் படம் பார்த்தவனுக்கு அதனைப் பற்றித் தீர்ப்புக் கூற முழு உரிமை உண்டு. கலையைப் பற்றி வாய் திறக்கும் உரிமை கற்றோர் சிலருக்கே பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டது என்பது, வேதம் ஓதுவது ஒரு சாதிக்கே உரியது என்ற பழைய கொள்கையின் இன்னொரு வேடமேயன்றி வேறன்று. ஆதலின் பொதுமக்கள் படங்களை எடைபோடுவதையும் அவற்றைப் பற்றி வாதாடுவதையும் நாம் வரவேற்கின்றோம். நம் குறையெல்லாம், எந்தப் படிக்கல்லை வைத்து நிறுக்கின்றனர் என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை என்பதுதான்.

கணக்கெழுதிப் பிழைக்கும் நான் எண்ணை இகழ்தல் தகாது. இன்ன காட்டில் இத்தனை பேர் வேலை செய்தனர், இத்தனை டன் குலை இறங்கிற்று என்று எழுதாவிடில் சம்பள நாளில் சண்டை வரும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னே ஒரு தராசு உண்டு. யார் நிறுத்தாலும் அது ஒரே எடையைக் காட்டும். படத்துக்குப் போடும் ஏழுக்குப் பின்னே அத்தகைய தராசு இல்லை. ஒருவர் பாட்டுக்காக ஏழு போட்டார். மற்றொருவர் நாயகன்மேல் கொண்ட பக்திக்காகப் போட்டார். மூன்றாமவர், அன்று கூட வந்த நண்பர்களால் பொழுது இன்பமாகக் கழிந்தது என்பதற்காகப் போட்டார். மூன்று ஏழும் எழுத்தில் ஒன்றாயினும் பொருளில் ஒன்றல்ல. காரணம் கூறாத மார்க் வாதத்தை நீட்டுமேயன்றி ஓரடியும் முன்னே கொண்டுசெல்லாது.

மார்க்குப் போடும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் அளித்ததை இன்றும் நினைவில் வைத்துப் பேசுவோர் பலர். அங்கே மார்க்கோடு விமரிசனமும் அச்சாயிற்று. வாசகர் அதனை ஒப்பவோ மறுக்கவோ இடமிருந்தது. அதற்கும் முன்னே, மார்க் என்ற பேச்சே இன்றி நடந்த பெரிய வாதங்கள் உண்டு. அண்ணாதுரையின் 'வேலைக்காரி' 1949இல் வந்தது. அநீதிக்கு ஆளான ஏழை இளைஞன் ஒருவன் காளியின் சந்நிதியில் நின்று, தன் வேண்டுதல் பலியாமற் போனதற்கு நியாயம் கேட்கின்றான். மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி' 1952இல் வந்தது. ஆதரவற்ற ஒரு பெண்ணுக்குக் கோயிலுக்குள்ளேயே நேரும் கொடுமையை அதன் நாயகன் தட்டிக் கேட்கின்றான். இப்படங்களைத் தடைசெய்ய வேண்டுமென்று கூக்குரல் எழுந்தது. ஆதரித்தும் குரல் எழுந்தது. அன்று வாதாடியவர்களுக்கு முன்னிருந்த கேள்வி "அவன் கேட்டது சரியா, தவறா?" என்பது. கேள்வி எவ்விதமோ வாதமும் அவ்விதமே.

நிற்க. நம் நாட்டுத் தமிழர் வாழ்வையே பொருளாகக் கொண்டு ஓராண்டுக்குள் அடுத்தடுத்து வந்த இரு படங்களை எடுத்துக்கொண்டு, நாம் தீர்ப்புக் கூறும் முறையைச் சற்று ஆராய்வோம். ஒன்று, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்'. மற்றொன்று, பா. ரஞ்சித் இயக்கி, ரஜினிகாந்த் நடித்து, 2016ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'கபாலி'. முன்னது இந்நாட்டவர் எடுத்தது. பின்னது தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், தலைமுறை தலைமுறையாய் அங்கே உழைத்தவர்கள் பட்டணத்தின் ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கியதும், அவர்தம் பிள்ளைகளிற் சிலர் குண்டர் கும்பல்களிற் சிக்கியதும் நாம் கண்ணாற் கண்ட சரித்திரம்.

'கபாலி'யைப் பார்த்தவர்கள் இரு கட்சியாயினர். ஒரு கட்சியார், "இது நம் பழைய ரஜினி அல்ல" என்று மார்க்கைக் குறைத்தனர். மற்றக் கட்சியார், "நம் கதையைச் சொன்ன படம்" என்று மார்க்கை உயர்த்தினர். இரு கட்சியும் படத்தின் வாயிற்படியிலேயே நின்றுவிட்டன என்பது நம் கருத்து. முன்னவர், தாம் வீட்டிலிருந்து மனத்தில் கொண்டுபோன வேறொரு படத்துக்கு மார்க்குப் போட்டனர். திரையில் முதுமை எய்திய ஒருவர் 25 ஆண்டுச் சிறைவாசம் முடித்து வெளியே வந்து மனைவியைத் தேடுகின்றார். அந்த முதுமையை நடிகர் நன்றாகக் காட்டினாரா என்பதே அங்குக் கேட்கவேண்டிய கேள்வி. நம் மதிப்பில், மனைவியைக் காணும் கட்டத்தில் அவர் பல ஆண்டுகளாக நடிக்க மறந்திருந்த நடிப்பை மீட்டெடுத்தார். பின்னவரோ, "நம் கதை" என்ற சொல்லிலேயே மயங்கிவிட்டனர். தோட்டத் தொழிலாளர் நியாயமான கூலி கேட்டு நின்ற வரலாறு படத்தில் பழைய நினைவாகச் சிறிது நேரமே வருகின்றது. எஞ்சிய நேரத்தைத் துப்பாக்கிச் சண்டை விழுங்கிவிடுகின்றது. பேசுவோரிற் பலர் நம் நாட்டுக்குரிய தமிழைப் பேசவும் இல்லை. நம் கதையைத் தொட்டதற்கு நன்றி கூறலாம். சொல்லி முடித்ததாகக் கணக்கை மூடலாகாது.

இப்படத்தின் முடிவைப் பற்றிய வாதமோ இன்னும் விந்தையானது. தமிழ்நாட்டில் காட்டப்பட்ட படம், கபாலியை ஒருவன் துப்பாக்கியோடு நெருங்க, திரை இருண்டு வெடியோசை மட்டும் கேட்பதோடு முடிகின்றது. அவர் மாண்டாரா, பிழைத்தாரா என்பது பார்ப்பவர் யோசனைக்கு விடப்பட்டது. நம் நாட்டிலோ, அவர் போலீஸாரிடம் சரணடைந்தார் என்ற எழுத்துக்கள் இறுதியில் காட்டப்பட்டன. ஆகவே இங்குள்ளவர் ஒருவரும் அங்குள்ள அவர் உறவினர் ஒருவரும் முடிவைப் பற்றி மல்லுக்கு நின்றால், அவர்கள் வாதிடுவது ஒரே படத்தைப் பற்றியதன்று. இருவரும் எட்டு மார்க்கே போட்டாலும் அந்த எட்டுக்கள் வெவ்வேறு. எதைக் கண்டோம் என்று முதலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால்தான் இது வெளிப்படும். எண்ணை மட்டும் பரிமாறிக்கொண்டால் என்றும் வெளிப்படாது.

இனி 'ஜகாட்'. 'கெட்டது' என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாவில் திரிந்து இப்படத்துக்குப் பெயராயிற்று. அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அவனைப் படிக்கவைக்கப் பாடுபட்டு, அடித்தும் பார்க்கும் தந்தை மணியம், கும்பலிற் சேர்ந்த ஒரு சிற்றப்பன், போதைப் பழக்கத்தாற் சிதைந்த மற்றொரு சிற்றப்பன்: இவ்வளவே கதைமாந்தர். இதனைப் பற்றி நம்மவரிற் சிலர் கூறிய குறை, "நாயகன் இல்லை, ஆட்டம் இல்லை, இதை ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?" என்பது. சிலர் கூறிய புகழ், "உள்ளூர்ப் படத்துக்கு இது அதிகம்" என்பது. குறையைவிடப் புகழே நம்மை வருத்துகின்றது. குறை கூறினவர் படத்தோடு சண்டையிட்டார். புகழ்ந்தவர் அதற்குப் பிச்சையிட்டார். "உள்ளூர்ப் படத்துக்கு" என்ற ஒரு சொல்லில், நம்மவரால் இதற்குமேல் ஆகாது என்ற முடிவு ஒளிந்திருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவூட்டுதல் நலம். 2016ஆம் ஆண்டு நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் அமையாத படங்கள் என்று 'ஜகாட்'டையும் 'ஓலா போலா'வையும் தனி வரிசையில் நிறுத்தினர். மொழியைக் கொண்டு படத்தைத் தரம்பிரிப்பது முறையோ என்று கிளர்ச்சி எழுந்தது. மலாய்க் கலைஞர் சிலரும் நியாயத்தின் பக்கம் நின்றனர். விதி மாற்றப்பட்டது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. நம்மவர் யாவரும் மகிழ்ந்தோம். ஆனால் விழாக்காரர் செய்தது தவறாயின், "நம்மவர் படம், ஆகையால் இரண்டு மார்க் கூட" என்று நாமே தனி வரிசை போட்டு நிறுத்துவது மட்டும் எப்படிச் சரியாகும்? பிறன் ஒதுக்கிவைத்தால் அவமானம், நாமே ஒதுக்கிவைத்தால் ஆதரவு என்பது எந்த நியாயம்? சுயமரியாதை உடையவன் தனக்கென்று சலுகைத் தராசைக் கேட்கமாட்டான்.

அங்ஙனமாயின் காரணத்தை எம்மொழியிற் கூறுவது என்று கேட்கலாம். மேல்நாட்டு விமரிசன நூல்களைத் தேடி ஓட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனின்று பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன்களையும் கூறிவைத்தார். அழுகைக்கு அவர் கூறியவை: பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னிருந்த நிலையினின்று தாழ்தல், வறுமை. இந்நான்கையும் கையில் வைத்துக்கொண்டு 'ஜகாட்'டைப் பாருங்கள். பள்ளியில் அச்சிறுவன் இகழப்படுகின்றான். குடும்பம் தோட்டத்தை இழந்தது. உழைத்து வாழ்ந்த கூட்டம் ஒதுக்கிடத்துக்குத் தாழ்ந்தது. வறுமையைச் சொல்ல வேண்டுவதில்லை. நான்கும் ஒருங்கே நின்றும் படம் கண்ணீரைப் பிழிந்தெடுக்க முயல்வதில்லை. "மனம் கனத்தது" என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தவர், எதனாற் கனத்தது என்று இவ்விதம் பிரித்துப் பார்த்தால், அவரே சிறந்த விமரிசகர் ஆவார். பெருமிதத்துக்கு அவர் கூறிய நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. 'கபாலி'யைக் கண்டு பெருமிதம் கொண்டோர் பலர். அது அவர் கையிலிருந்த துப்பாக்கியாற் பிறந்ததா, அன்றி வழிதவறிய இளைஞர்க்கு அவர் நடத்தும் பள்ளியாற் பிறந்ததா? இவ்வொரு கேள்வியைத் தேநீர்க் கடையில் எழுப்பிப் பாருங்கள். மார்க்கு வாதம் ஓய்ந்து மெய்யான வாதம் தொடங்கும்.

வேறு இரண்டு குறைகளையும் கூறி அமைவோம். 'கபாலி'யின் தொடக்கத்தில், சிறையில் அவர் கையில் ஒரு புத்தகம் இருக்கின்றது. அது ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய 'என் தந்தை பாலய்யா'. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த ஒரு குடும்பம் இரயில்வேத் தொழிலாலும் கல்வியாலும் தலைநிமிர்ந்த வரலாறு. இதனைக் கண்ணுற்றவர் பலராயினும் பேசினவர் சிலரே. சாதி என்ற சொல் வந்தவுடன் நம் வாதங்கள் பாட்டுக்கும் சண்டைக்கும் திரும்பிவிடுகின்றன. கடல் கடந்து வந்தும் கரையேறாத அழுக்கு இது. மற்றொன்று, நம் வாதங்களில் பெண்களுக்கு இடமின்மை. குடும்பத்தோடு படம் பார்க்கின்றோம். மார்க்குப் போடுவது ஆண்கள். "அவள் அழுதாள்" என்பதே பெண்ணின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அப்போயைப் போன்ற பிள்ளையை வளர்க்கும் தாய்மார்களைவிட 'ஜகாட்'டை எடைபோடத் தகுதியுடையவர் யார்? அவர்களைக் கேட்காத தீர்ப்புப் பாதித் தீர்ப்பே.

வாசகர்களே! மார்க்குப் போடாதீர் என்று நாம் கூறவில்லை. போடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை கூறிப் போடுமின். இப்படம் எதைச் செய்ய எடுத்துக்கொண்டது? அதனை எவ்வழியிற் செய்தது? அது கூறுவது நாம் அறிந்த வாழ்வோடு பொருந்துகின்றதா? இம்மூன்றுக்கும் விடை கூறியபின் பத்துக்கு இரண்டு போட்டாலும் அது படமெடுத்தவனுக்குப் பாடமாகும். விடையின்றிப் பத்துப் போட்டாலும் அது வெறும் கைதட்டலாகும். நம் வாழ்வைப் பற்றி நாளை ஓர் இளைஞன் படமெடுக்கத் துணிவானா, துணிந்தால் எதை நம்பித் துணிவான் என்பதெல்லாம், இன்று படம் விட்டு வெளியே வரும் நாம் என்ன பேசுகின்றோம் என்பதைப் பொறுத்திருக்கின்றன. ஆதலின் நன்கு பேசுவோமாக.