முதுமை யார் குற்றம்?

சுயசரிதை எழுதுவோர் பெரும்பாலும் தம் வெற்றிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். இளமையில் வறுமை, நடுவயதில் முயற்சி, முதுமையில் பாராட்டு என்ற வாய்பாட்டினுள் வாழ்க்கை அடங்கிவிடுகிறது. பெண்ணொருத்தி தன் குடும்பத்தையும், தான் ஈடுபட்ட போராட்டங்களையும், தன் மதிப்பைத் தான் உணர்ந்த விதத்தையும், தன் உடல் தளர்வதையும் எழுத முற்படும்போது அவ்வாய்பாடு உடைந்துபோகிறது. அதனை உடைத்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவார் (1908-1986) ஆவார்.

அவருடைய நூல்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். 1963இல் வெளிவந்த ‘சூழ்நிலையின் வலிமை’ அவரது சுயசரிதையின் மூன்றாம் நூல். 1964இல் வெளிவந்த ‘மிக அமைதியான மரணம்’ தாயின் இறுதி நாட்களைப் பற்றியது. 1970இல் வெளிவந்த ‘முதுமை’ சமூக ஆய்வு நூல். இம்மூன்றையும் தனித்தனியே படிப்போர் ஒவ்வொன்றையும் பிழையாகவே விளங்கிக்கொள்வர் என்பது எமது கருத்து.

முதலில் அவரை உருவாக்கிய சூழலை நோக்குவோம். பொவார் பாரிஸ் நகரத்துப் பூர்ஷுவாக் குடும்பமொன்றிற் பிறந்தவர். முதலாம் உலகப் போரின் பின் அக்குடும்பத்தின் செல்வம் கரைந்தது. சீதனம் கொடுக்க வழியற்ற தந்தை, தம் பெண்மக்கள் இருவரும் மணஞ்செய்யப் போவதில்லை, உழைத்தே வாழவேண்டும் என்றார். அவர் அதைத் தோல்வியாகக் கருதிச் சொன்னார். மூத்த மகளோ அதையே விடுதலையாக மாற்றிக்கொண்டார். 1929இல், 21ஆம் வயதில், மெய்யியலுக்கான உயர் ஆசிரியத் தேர்விலே இரண்டாம் இடத்திற் சித்தியடைந்தார். 1931 முதல் 1943 வரை ஆசிரியையாகத் தொழில் புரிந்தார். பெண்ணின் சுயமதிப்பு அவள் தன் உழைப்பால் உண்ணும் உணவிலிருந்து பிரிக்கமுடியாதது என்னும் எண்ணம், 1949இல் அவர் எழுதிய ‘இரண்டாம் பாலினம்’ நூலின் அடிப்படைகளுள் ஒன்று. அது வெறும் ஏட்டுக் கல்வியில் விளைந்த எண்ணமன்று.

‘சூழ்நிலையின் வலிமை’ வெளிவந்தபோது அவருக்கு வயது 55. அந்நூலின் பெரும்பகுதியில் அல்ஜீரியப் போரின் நிழல் படிந்திருக்கிறது. பிரெஞ்சுப் படையினரால் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ளான ஜமீலா பூபாஷா என்ற அல்ஜீரிய இளம்பெண்ணுக்காக 1960 ஜூனில் அவர் ‘லெ மோந்த்’ பத்திரிகையில் எழுதினார். 1962இல் வழக்கறிஞர் ஜிசேல் அலிமியுடன் சேர்ந்து அவ்வழக்கைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். தம் நாட்டவர் வாளாவிருந்ததைக் கண்டு, பிரெஞ்சுக்காரியாக இருப்பதற்கே அவர் நாணினார்.

இத்தகைய நூல் எவ்வாறு முடிகிறது? கண்ணாடியிலே தெரியும் முகத்தை வெறுக்கும் ஒரு பெண்ணை நாம் இறுதிப் பக்கங்களிற் காண்கிறோம். இளமையில் தமக்கு வாக்களிக்கப்பட்டவை யாவும் கைகூடியுங்கூடத் தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் உணர்கிறார். பழமைவாதிகள் இதனைப் பற்றிக்கொண்டனர். கடவுளை மறுத்தவளும் மணஞ்செய்யாதவளும் பிள்ளை பெறாதவளும் இறுதியிலே தன் தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று மகிழ்ந்தனர். 1972இல் வெளிவந்த சுயசரிதையின் அடுத்த நூலில் பொவார் இதற்கு மறுமொழி கூறவேண்டியதாயிற்று.

பழமைவாதிகளின் மகிழ்ச்சி நேர்மையற்றது. அந்த முடிவுரையில் இரு துயரங்கள் பின்னிக் கிடக்கின்றன: ஒன்று உடலின் தளர்ச்சி, மற்றது தேசத்தின் இழிவு. இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் காட்டியவர்கள், அல்ஜீரியாவைப் பற்றிப் பேச விரும்பாதவர்களே. எனினும், அம்முடிவுரையில் ஒரு குறை உண்டென்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. அங்கே முதுமை தனிமனித அவலமாகவே நிற்கிறது. இக்கண்ணாடி முன் நிற்பவர் ஒருவரல்லர், கோடிக்கணக்கானோர் என்ற பிரக்ஞை அங்கு இல்லை.

அந்தப் பிரக்ஞைக்கு அவரை இட்டுச்சென்ற நிகழ்ச்சிகளுள் தாயின் மரணமும் ஒன்றெனலாம். 1963 ஒக்டோபரில் தாய் பிரான்சுவாஸ் குளியலறையில் விழுந்து தொடையெலும்பு முறிந்து வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். அங்கே புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவருக்கோ அது சொல்லப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்தார். கட்டுப்பாடான கத்தோலிக்க ஒழுக்கத்தில் வளர்ந்து, கணவனுக்கும் மக்களுக்குமாகத் தன் விருப்பங்களை அடக்கியே வாழ்ந்த பெண் அவர். அவரைப் பற்றிய ஒரு சிறு செய்தி எம்மை மிகவும் கவர்ந்தது. 1941இல் கணவன் இறந்தபோது அவருக்கு வயது 54. அந்த வயதிலே அவர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் நூலக உதவியாளராகப் பணியேற்றார். துவிச்சக்கர வண்டி ஓட்ட மீண்டும் பழகி அதிலே வேலைக்குச் சென்றார்.

மகள் தன் வாழ்வு முடிந்ததென்று கலங்கிய வயதில் தாய் தன் வாழ்வைத் தொடங்கினாள்! இவ்விரு வயதுகளையும் பொவார் ஒப்பிட்டுக் காட்டவில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்து வைக்கும் வாசகர் கண்ணிலே அது படாமற் போகாது. வயது என்பது ஓர் எண்தான். அது முடிவா தொடக்கமா என்பதைத் தீர்மானிப்பது உடல் மட்டுமன்று. அதுவரை அந்தப் பெண்ணுக்கு எது மறுக்கப்பட்டிருந்தது, இனி எது திறக்கிறது என்பதும் அதனைத் தீர்மானிக்கிறது. மரணத்திலும் வர்க்கம் உண்டு என்பதை அந்நூல் உணர்த்துகிறது. தனி அறையும் தாதியரும் மக்களும் சூழ இறப்பது சலுகை பெற்றோரின் சாவு என்பதைப் பொவார் மறக்கவில்லை.

1970இல் வெளிவந்த ‘முதுமை’ இவ்வுணர்வை ஆராய்ச்சியாக வளர்க்கிறது. முதற்பகுதி முதுமையைப் புறத்திலிருந்து, உயிரியல், இனவரைவியல், வரலாறு ஆகியவற்றின் வழியே நோக்குகிறது. இரண்டாம் பகுதி முதியவரின் அகத்திலிருந்து நோக்குகிறது. தொழிலாளியின் முதுமை அவன் இளைப்பாறும் நாளில் தொடங்குவதில்லை. உழைப்பைத் தவிர வேறெதற்கும் அவனுக்கு நேரமளிக்காத ஆண்டுகளிலேயே அது தயாராகிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எனவே இளைப்பாற்றுச் சம்பளத்தைச் சற்று உயர்த்துவதோ முதியோர் இல்லங்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதோ போதாது. மனிதரைப் பயன்படுத்திவிட்டு எறியும் அமைப்பே மாறவேண்டும். 1963இன் தனிப்பட்ட புலம்பல் இங்கே குற்றச்சாட்டாக உயர்கிறது.

குறைகளையும் கூறவேண்டும். ‘முதுமை’ நூலிலே ஹியூகோ, டால்ஸ்டாய் முதலிய ஆண்களே பெரிதும் எடுத்துக்காட்டாகின்றனர். ‘இரண்டாம் பாலினம்’ எழுதியவரின் நூலில் முதிய பெண்ணுக்குக் கிடைத்த இடம் சிறிது. அப்பெரிய நூலில் இல்லாத அந்தப் பெண், தாயைப் பற்றிய சிறிய நூலிலே இருக்கிறாள். மற்றொரு குறை மேலும் பாரதூரமானது. பொவாரின் கடிதங்கள் 1990இல் வெளிவந்தபோது, மாணவியர் சிலருடன் அவருக்கிருந்த காதல் உறவுகளைச் சுயசரிதை மறைத்திருந்தமை தெரியவந்தது. அம்மாணவியருள் ஒருவர் தமக்கு நேர்ந்த பாதிப்பை 1993இல் நூலாகவே எழுதினார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள அதிகார வேறுபாட்டை அறிந்த எவரும் இதனை அற்ப விடயமென ஒதுக்கமுடியாது. ஒடுக்குமுறையைக் கண்டறிந்த பேனா, தன் கையிலிருந்த அதிகாரத்தைக் கணக்கிலெடுக்கவில்லை.

இக்குறைகள் அந்நூல்களை வாசிக்காமல் விடுவதற்குக் காரணமாகா. விழிப்புடன் வாசிப்பதற்கே காரணமாகின்றன. தாம் ஏமாற்றப்பட்டதாக எழுதிய அதே பெண் 1971 ஏப்ரிலில், 63ஆம் வயதில், தாம் கருச்சிதைவு செய்துகொண்டதாக 343 பெண்கள் பகிரங்கமாக அறிவித்த பிரகடனத்தை எழுதித் தாமும் கையொப்பமிட்டார். கருச்சிதைவு அன்று பிரான்சிலே தண்டனைக்குரிய குற்றம். 1975இலேதான் சட்டம் மாறியது. கண்ணாடியை விட்டு வீதிக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது இழந்த இளமையன்று, தோழமை.

முதுமையைத் தலைவிதியென்று கொள்வோரும், அதைப் பெண்ணின் தனிப்பட்ட தோல்வியென்று கொள்வோரும் ஒரே தவறைச் செய்கின்றனர். நரையை இயற்கை தருகிறது. நரைத்தவரைப் பயனற்றவராக்குவது சமுதாயம். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே இம்மூன்று நூல்களின் பயன்.