சபையில் கேட்ட கேள்வி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் மகாபாரதம் வெறும் ஏட்டுக் காவியம் அல்ல. திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பகலெல்லாம் வில்லிபாரதம் வாசித்துப் பொருள் சொல்வார்கள். இரவில் அதையே கூத்தாக ஆடுவார்கள். முடிவில் படுகளம், தீமிதி. துகிலுரிதல் ஆடும் இரவுக்குத் தனி மகிமை உண்டு. சேலையைத் தொடுமுன் துச்சாதனன் வேஷக்காரரே கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற ஊர்களும் உண்டு.

அந்தக் காட்சியில் ரசிகர் மனத்தில் நிற்பது கண்ணன் அருளால் வளரும் சேலை. அதற்குமுன் திரௌபதி கேட்ட கேள்விதான் காட்சியின் உயிர் என்பது என் அபிப்பிராயம். தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மர், தர்மம் நுட்பமானது என்று நழுவிவிடுகிறார். நூறு சகோதரர்களில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து அவள் பக்கம் பேசுகிறான். சேலை மானத்தைக் காத்தது. கேள்விக்குச் சபை பதில் சொல்லவில்லை. கருணை கிடைத்தது, நியாயம் கிடைக்கவில்லை.

பாரதி இதை உணர்ந்தவர். ‘பாஞ்சாலி சபத’த்தில் அவளைத் தெருவழியே இழுத்துப் போகும்போது, பார்த்துப் புலம்பி நின்ற ஊராரையும் அவர் சும்மா விடவில்லை. தடுக்காதவன் விடும் கண்ணீர் யாருக்கு வேண்டும் என்பதே அவர் கோபம்.

இலக்கியத்தை ஊர்ச் சண்டையோடு முடிச்சுப் போடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். முடிச்சுப் போட்டது நானல்ல. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. தலித் மக்கள் உள்ளே வரக்கூடாதென்று எழுந்த தகராறில், 2023 ஜூன் 7-ஆம் தேதி அதிகாரிகள் அதற்குச் சீல் வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததோ 1947-இல்! நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

சபையில் நியாயம் கேட்டவளைத் தெய்வமாக்கிவிட்டு, அவள் வாசலில் நியாயம் கேட்டு நின்றவர்களைத் தடுப்பது எந்தப் பக்தியில் சேர்த்தி? கதையைச் சேலையோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உதவி செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். அருள் வந்து காப்பாற்றும் என்றால் பார்த்திருப்பவனுக்குப் பொறுப்பில்லை அல்லவா?

பாரதப் பிரசங்கிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. சேலை வளரட்டும், அதற்குமுன் விகர்ணனை இன்னும் கொஞ்ச நேரம் பேச விடுங்கள்.